முதல் ஃபுல் மாரத்தான்: ஒரு சீசன் முழுக்க லாங் ரன் ஓடிப் பார்த்ததில்

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் முதல்முறையாக ஃபுல் ஓட நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது ஷூவைப் பற்றித்தான். எந்த பிராண்ட், என்ன விலை, அடிப்பாகத்தில் கார்பன் பிளேட் என்ற தகடு தேவையா? ஷூவைக் கடைக்குப் போய் மாலை நேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து, அரை சைஸ் பெரிதாக வாங்கிவிட்டால் அந்தக் கவலை முடிந்தது. மாதக்கணக்கில் மண்டையைக் குடைய வேண்டியது ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்தான், அதாவது வாரத்துக்கு ஒருமுறை ஓடும் நீண்ட ஓட்டம். நாற்பதைத் தாண்டிய பெண் நான், வீடு திருவான்மியூர்ப் பக்கம். பாதித் தூரமான ஹாஃப் ஓடிப் பழகியவள். ஒரு சீசன் முழுக்க லாங் ரன் ஓடி, 42.195 கிலோமீட்டரையும் முடித்துவிட்டேன். அடுத்த சீசனுக்கும் அதே முறைதான். எது ஒத்துவந்தது, எது வரவில்லை என்று எழுதுகிறேன்.

முதலில் காலண்டர். இணையத்தில் கிடைக்கும் பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் 18 வாரக் கணக்கு. ஜனவரியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஆகஸ்ட் கடைசியில் வந்து நிற்கும். அதாவது 14, 16, 18 கிலோமீட்டர் ஓட்டங்கள் செப்டம்பர் புழுக்கத்தில். 24-க்கு மேற்பட்டவை எல்லாம் வடகிழக்குப் பருவமழையில். கடைசிப் பெரிய ஓட்டமான 32 கிலோமீட்டர், ரேஸுக்கு மூன்று வாரம் முன்பு, டிசம்பர் நடுவில். வாரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் கூட்டி, ஒவ்வொரு நாலாவது வாரமும் கணிசமாகக் குறைத்தேன். குறைக்கிற வாரத்தை யாரும் விட்டுவிட வேண்டாம். உடம்பு தேறுவதே அந்த வாரத்தில்தான்.

இனி வேகம். இதைத்தான் நான் அடித்துச் சொல்வேன்: சென்னையில் லாங் ரன்னுக்குக் கடிகார வேகத்தை நம்பக் கூடாது. குளிர்நாட்டுத் திட்டங்களில் 'ரேஸ் வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு இத்தனை நொடி மெதுவாக' என்று போட்டிருப்பார்கள். இங்கே விடிகாலை நாலரை மணிக்கே காற்றில் ஈரம் நிரம்பியிருக்கும். வியர்வை கொட்டும், ஆனால் காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? சூட்டைத் தணிக்க ரத்தம் தோல் பக்கம் திரும்பிவிடுவதால், அதே வேகத்தில் ஓடினாலும் இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. முதல் பத்து கிலோமீட்டரில் 140 காட்டிய வாட்ச், வேகம் மாறாமலே இருபதாவது கிலோமீட்டரில் 160 காட்டும். அந்த நேரத்தில் வேகத்தைப் பிடித்துவைக்கப் போராடினால் அது லாங் ரன் இல்லை, ரேஸ்.

எங்கள் குழுவில் பேஸராக, அதாவது வேகம் பிடித்துக் கூடவே ஓடுபவராக, வரும் தம்பி ஒருவர் சொன்ன வழிதான் எனக்குக் கடைசிவரை கைகொடுத்தது. "அக்கா, நீலாங்கரை வரைக்கும் ஏதாவது பேசிக்கிட்டே வாங்க. வாக்கியம் பாதியில உடைஞ்சா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்." அவ்வளவுதான். வீட்டுக் கதை, ஆபீஸ் கதை, மகளின் பரீட்சை எல்லாம் பேசியபடி ஓடினோம். வாட்ச் திரையில் வேகத்தை மறைத்துவிட்டு இதயத் துடிப்பையும் நேரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டேன்.

இதோடு ஓட்டம்-நடை முறையையும் சேர்த்துக்கொண்டேன்: நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. 1972 ம்யூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே பரப்பிய முறை இது. 'நடந்தால் மாரத்தானா' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். களைத்த பிறகு நடப்பது வேறு, முதல் கிலோமீட்டரிலிருந்தே திட்டமிட்டு நடப்பது வேறு. 28 கிலோமீட்டர் ஓடிவிட்டு மறுநாள் காலை மாடிப்படியில் கைப்பிடி இல்லாமல் இறங்க முடிந்ததற்கு இந்த ஒரு நிமிட நடைதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது சாப்பாடு. ஒரு கிலோமீட்டர் ஓட, உடம்பின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் சுமார் ஒரு கலோரி செலவாகும். 65 கிலோ இருப்பவருக்கு 30 கிலோமீட்டருக்குள் 1,950 கலோரி போய்விடும். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேர்ந்திருப்பதோ தோராயமாக 1,500 முதல் 2,000 கலோரி. கொழுப்பும் சேர்ந்தே எரிகிறது என்பதால் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் முப்பதுக்கு அப்புறம் கால் கட்டிப்போட்டதுபோல் ஆவது ஏன் என்று இதிலிருந்து புரியும். ஆகவே முக்கால் மணி நேரத்திலிருந்தே சாப்பிட ஆரம்பிக்க வேண்டும், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. பசித்த பிறகு சாப்பிடுவது என்பது நேரம் கடந்த வேலை.

ஓட்டக்காரர்களுக்கான சர்க்கரைக் கூழான ஜெல் வசதிதான், ஒரு பாக்கெட்டில் 20, 25 கிராம் மாவுச்சத்து கிடைக்கும். ஆனால் இரண்டாவது ஜெல்லிலேயே எனக்கு வயிறு பிரட்டியது. கொட்டை எடுத்து நான்காக நறுக்கிய பேரீச்சையை ஜிப் கவரில் போட்டு இடுப்புப் பையில் வைத்துக்கொண்டேன். ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் நடையின் ஒரு நிமிடத்துக்குள் கரைந்துவிடும். கடலை மிட்டாய் எனக்கு உயிர். ஆனாலும் ஓட்டத்தில் ஒத்துவராது: காய்ந்த வாயில் மெல்ல முடியாது, தூள் தொண்டையில் சிக்கும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வாழைப்பழமும் அரை டம்ளர் காபியும். சனி இரவு இட்லி அல்லது தயிர்சாதம். பரோட்டா, பிரியாணி எல்லாம் ஞாயிறு மதியத்துக்கு.

தண்ணீர் விஷயத்தில் 'நிறையக் குடி' என்ற அறிவுரை அரைகுறை. 2002 பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் அளவு குறைந்திருந்தது. ஓடும்போதே எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். நான் செய்தது எளிது: ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தேன். குறைந்த எடையோடு வழியில் குடித்ததையும் கூட்டினால் வியர்வைக் கணக்கு கிடைத்துவிடும். வெறும் தண்ணீர் ஒரு பாட்டில், ஓஆர்எஸ் கலந்தது ஒரு பாட்டில். மருந்துக்கடையில் உலக சுகாதார நிறுவனச் சூத்திரப்படி என்று அச்சிட்ட பொடிப் பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். அதே பெயரில் விற்ற இனிப்புப் பானங்களில் சர்க்கரைதான் தூக்கல்.

மழையில் ஓடலாம், இடி மின்னல் இருந்தால் கூடாது. மழையில் நனைந்த ஷூவின் உள் அட்டையை உருவி, பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கொரு முறை மாற்றினால் அடுத்த நாளைக்குள் காய்ந்துவிடும். வெயிலில் போட்டால் பசை விட்டுப்போகும். இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுவது இந்த ஊருக்குக் கட்டாயம் என்பேன். பருத்தி சாக்ஸ் வேண்டவே வேண்டாம். ஊறிய தோலில் கொப்புளம் நிச்சயம். ஸ்போர்ட்ஸ் பிராவின் கீழ்ப்பட்டை உரசும் இடத்தை வீட்டுக்கு வந்து குளிக்கும்போது முதல் சொம்புத் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். தேங்காய் எண்ணெய் ஒரு மணி நேரத்தில் வியர்வையோடு வழிந்துவிடுகிறது. பெட்ரோலியம் ஜெல்லி நிற்கிறது.

பாதைக்கு வருகிறேன். ஈசிஆரில் நீலாங்கரை தாண்டி முட்டுக்காடு பக்கம் போவது நீளத்துக்கு வசதி. ஆனால் இருட்டில் வண்டிகளின் வேகம் பயமுறுத்தும், சாலை ஓரச் சரிவில் மணிக்கணக்காக ஓடினால் ஒரு பக்க இடுப்பு பிடித்துக்கொள்ளும், நாய்களும் உண்டு. பெசன்ட் நகரிலிருந்து பட்டினப்பாக்கம், கலங்கரை விளக்கம் வழியாக மெரினா போய்த் திரும்புவதே எனக்குப் பிடித்தது. வெளிச்சம் இருக்கிறது, மற்ற ஓட்டக்காரர்கள் கண்ணில் படுகிறார்கள். பெண்களுக்குக் கழிப்பறைதான் பெரிய பிரச்சினை. விடிகாலையில் பொதுக் கழிப்பறைகள் பலவும் பூட்டித்தான் கிடக்கும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓடும் தோழிகளைப் பார்த்திருக்கிறேன், மனசு பதறுகிறது. திறந்திருக்கும் பெட்ரோல் பங்க்குகளை முன்னாலேயே பார்த்து வைத்துக்கொண்டு அவற்றைச் சுற்றிப் பாதையை அமையுங்கள். கூடவே, பயிற்சி தொடங்கும் முன் ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மூச்சு வாங்குவதற்கு எப்போதும் பயிற்சிக் குறைவு மட்டுமே காரணமாக இருக்காது.

இந்த முறையில் இந்த சீசனுக்கு நான் மாற்றுவது ஒன்றே ஒன்று. ரேஸ் இருட்டில் தொடங்கினாலும், என்னைப் போல ஐந்து மணி நேரம் தாண்டி முடிப்பவர்கள் கடைசிப் பத்து கிலோமீட்டரை வெயிலில்தான் ஓட வேண்டும். எல்லா லாங் ரன்னையும் ஏழரைக்குள் முடித்துப் பழகிய உடம்புக்கு அந்த வெயில் புதிது. அதனால் நவம்பரில் மழை விட்ட ஒரு ஞாயிறு, 26 கிலோமீட்டர் நாளன்று, வேண்டுமென்றே ஆறு மணிக்குக் கிளம்பப் போகிறேன். தொப்பி போட்டுக்கொண்டு, கூடுதலாக ஒரு பாட்டில் ஓஆர்எஸ் எடுத்துக்கொண்டு, அன்றைக்கு மட்டும் மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை.