பழைய ரயில் நிலையம்: அருங்காட்சியகத்தில் பார்ப்பதா, ரயிலேறிப் பார்ப்பதா?

ஒரு நாள் ஓய்வு கிடைத்து, அதைப் பழைய சிற்றூர் ரயில் நிலையம் ஒன்றில் கழிக்க நினைத்தால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ரயில் நின்றுபோய் அருங்காட்சியகமாகிவிட்ட நிலையத்துக்குப் போகலாம். இல்லையென்றால், நீராவி இன்ஜின் இன்னும் ஓடுகிற பாரம்பரியப் பாதைக்குப் போகலாம். என் ஓட்டு எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன். முதல் வழியைக் குறைத்து மதிப்பிட்டுவிடக் கூடாது.

அமெரிக்காவின் எல்லிகாட் சிட்டி நிலையம் 1831-இல் கட்டி முடிக்கப்பட்டது. அந்நாட்டில் எஞ்சியிருக்கும் நிலையங்களில் மிகப் பழையது அதுதான், இப்போது அருங்காட்சியகம். பால்டிமோரிலிருந்து சுமார் 21 கிலோமீட்டர் வரும் அந்தப் பாதையில் முதலில் பெட்டிகளை இழுத்தவை குதிரைகள். இப்படிப்பட்ட இடங்களில் யாரும் நம்மை அவசரப்படுத்துவதில்லை. அட்டை டிக்கெட்டில் தேதி குத்தும் கருவியை அருகில் நின்று பார்க்கலாம்.

ஒற்றைப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு ரயிலை மட்டும் அனுமதிக்கும் டோக்கன் கருவி வைத்திருக்கும் நிலையம் என்றால் அதன் முன்னால் பத்து நிமிடமாவது நில்லுங்கள். 1874-இல் இங்கிலாந்தின் தோர்ப் ஊருக்கு அருகே, தந்திச் செய்தியில் நேர்ந்த தவறால், ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. அதன் பிறகு எட்வர்ட் டயர் 1878-இல் கொண்டுவந்த கருவியில், பாதையின் ஒரு முனையில் டோக்கன் எனப்படும் வில்லையை எடுத்துவிட்டால் அதைத் திருப்பி வைக்கும்வரை இரு முனைகளிலும் அடுத்த வில்லை வெளியே வராது. ஓட்டுநர் கையில் வில்லை இருந்தால் பாதை அவருடையது. அந்த மோதலில் பல உயிர்களைப் பறிகொடுத்த பிறகு பிறந்த பெட்டி அது.

ஆனால் அருங்காட்சியகமாகிவிட்ட நிலையத்தில் கைகாட்டி மரம் இறங்கினாலும் எந்த ரயிலும் வரப்போவதில்லை. எனக்குப் பெரிய குறை அதுதான்.

ஓடும் பாதைகளில் வேல்ஸின் டாலிலின் ரயிலுக்குத் தனி மரியாதை உண்டு. 1951-இல் தன்னார்வலர்கள் எடுத்து நடத்தத் தொடங்கிய அது, அந்த வகையில் உலகின் முதல் பாதை. இருந்தாலும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் நீலகிரி மலை ரயிலைச் சொல்வேன். மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதி 1899-இல் திறக்கப்பட்டது, 1908-இல் ஊட்டி வரை நீண்டது. கல்லாறு தாண்டியதும் 12.5 அடிக்கு ஓர் அடி என்ற அளவுக்கு ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால் நடுவில் பல் தண்டவாளம் பதித்திருக்கிறார்கள். இன்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளும். 46 கிலோமீட்டருக்குச் சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். இதைக் குறையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஹில்குரோவ் போன்ற சின்ன நிலையத்தில் இன்ஜின் தண்ணீர் குடிக்க நிற்கும்போது எல்லோரும் இறங்கிவிடுவார்கள். நீராவி சீறும், எண்ணெய் மணக்கும், ஊழியர் ஒருவர் சக்கரத்தருகே குனிந்து பார்ப்பார். அந்த நிலையம் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலையை நம் கண்முன்னே செய்துகொண்டிருக்கும்.

சிரமங்களும் உண்டு. இடம் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் ஓட்டம் நின்றுவிடும். அருங்காட்சியகத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. முதியவர்களையும் கைக்குழந்தையையும் அழைத்துச் செல்பவர்கள் அதையே தேர்ந்தெடுக்கலாம், தவறே இல்லை.

இந்த இரண்டும் தவிர மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: சாதாரண பாசஞ்சர் ரயிலில் போய் ஏதாவதொரு பழைய நிலையத்தில் இறங்குவது. செலவு குறைவு, ஆனால் விளக்கிச் சொல்ல ஆளிருக்காது. முதல் இரண்டையும் பார்த்தவர்களுக்கு இது மிகவும் பிடிக்கும்.

இரண்டு நாள் கிடைத்தால் அருங்காட்சியகம் முதலில், ரயில் பிறகு. ஒரே நாள் என்றால் யோசிக்காமல் ரயில்தான். புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே நிலையத்துக்குப் போய்விடுங்கள். இன்ஜின் மெல்ல வந்து பெட்டியோடு இணைவதைத் தவறவிடாதீர்கள்.