கட்டைவிரலா, முழுக் கையா?
1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய துக்ளகாபாத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்வரும் டெல்லித் தமிழ் நண்பர்கள், பிஸ்டலில் குண்டு தீர்ந்து மறுபடி நிரப்பும்போது ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) எப்படி முன்னே விடுவது என்று கேட்டதால் எழுதுகிறேன்.

கடைசிக் குண்டு போனதும் ஸ்லைடு பின்னால் நின்றுவிடும். குண்டு நிரப்பிய புது மேகசினைச் செருகியபின், இடப்பக்க லிவரைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஸ்லைடு முன்னே பாயும். மேகசினைச் செருகிய இடக்கை நேராகப் பிடிக்குத் திரும்பிவிடும் என்பதால் இதுதான் வேகம். ஆனால் வியர்த்த கை, சின்ன விரல், எட்டாத லிவர் என்றால் தடுமாற்றம்தான், இடக்கைக்காரர்களுக்கு இன்னும் சிரமம்.

இடக்கையால் ஸ்லைடை மேலிருந்து பற்றி முழுக்கப் பின்னுக்கு இழுத்து விடுவது சற்று மெதுவானது, ஆனால் ஸ்லைடு உள்ள பெரும்பாலான பிஸ்டல்களில் ஒரே அசைவு. ஸ்லைடை விடாமல் பிடித்தபடி கையோடு முன்னே கொண்டுபோகாதீர்கள், குண்டு சரியாக ஏறாமல் போகலாம்.

போட்டிக்கு எனக்குக் கட்டைவிரல்தான். புதிதாகக் கற்பவர்கள் இரண்டாவதில் தொடங்குங்கள்; டம்மி (வெடிக்காத) குண்டு போட்டு, குழல் இலக்குப் பக்கமே இருக்க, விரல் ட்ரிகருக்கு வெளியே.