கன்னியாகுமரி கிராம்பு: காரைக்குடிச் சமையலுக்கு எப்படி?

கறி மசாலாவை வீட்டிலேயே வறுத்து அரைக்கிறவர்கள் இந்தக் கிராம்பைத் தாராளமாக வாங்கலாம். அரைத்து வைத்த பாக்கெட் மசாலா போடுகிறவர்களுக்கு இது வீண் செலவு, ஏனென்றால் இதன் அருமை முழுசாக இருக்கும்போதுதான் தெரியும்.

காரைக்குடியில் ஒரு பழைய பலசரக்குக் கடையில் சில்லறையாக நிறுத்து வாங்கினேன், 100 கிராம் 190 ரூபாய். பக்கத்து டப்பாவில் இருந்த சாதாரணக் கிராம்பு 130 தான். "ரெண்டுக்கும் என்னண்ணே வித்தியாசம்?" என்று கேட்டதும் கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை, ஒரு கிராம்பை எடுத்துக் காம்புப் பக்கம் நகத்தால் அழுத்தி நீட்டினார். நகம் பட்ட இடத்தில் எண்ணெய் கசிந்து மினுங்கியது. சாதாரணக் கிராம்பை அழுத்தினால் பொடிதான் உதிர்ந்தது.

வீட்டில் இரண்டையும் தட்டில் கொட்டிப் பார்த்தபோது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கிராம்பு என்பது விரியாத பூமொட்டு. மேலே உருண்டையாக இருப்பது மூடிய இதழ்கள், அதைத் தாங்கி நாலு சின்னப் பற்கள். இந்தக் கன்னியாகுமரிச் சரக்கில் அநேகமாக எல்லாவற்றிலும் அந்த உருண்டை அப்படியே இருந்தது. மற்றதில் பாதிக்கு மேல் மொட்டைத் தலை, நடுவில் காம்புக் குச்சிகள் வேறு. டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் நல்லது அடியில் உட்காரும், அல்லது தலை மேலாக நிமிர்ந்து நிற்கும். எண்ணெயை வடித்து எடுத்துவிட்டு விற்கிற சக்கை படுத்து மிதக்கும். எந்தக் கடையில் வாங்கினாலும் இதைச் செய்து பாருங்கள், ஒரு நிமிட வேலை.

விலை கூடுதல் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். மொட்டு பச்சையிலிருந்து இளஞ்சிவப்பாக மாறுகிற சமயம் பார்த்து, பூ விரிவதற்குள் கையால் பறிக்க வேண்டும், பூத்துவிட்டால் அது கிராம்புக்கு ஆகாது. அப்புறம் வெயிலில் காயவைத்தால் எடை மூன்றில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிடும். மரம் காய்ப்புக்கு வரவே ஏழெட்டு வருஷம் ஆகும். இதன் பூர்வீகம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். கிழக்கிந்தியக் கம்பெனி 1800 வாக்கில் குற்றாலத்தில் போட்ட வாசனைப் பயிர்த் தோட்டத்தின் வழியாகத்தான் நம் பக்கம் வந்தது. இன்றைக்குக் குமரி மாவட்டத்து மாறாமலை, கரும்பாறைப் பக்கம் விளைகிற கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நம் ஊர் நாவல் மரமும் இதே சிசிஜியம் பேரினம்தான், ஜம்பு நாவலும் அதே, மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் இனங்கள். நாவல் இலையைக் கசக்கி மோந்து பாருங்கள், உறவு புரியும்.

சரி, சமையலுக்கு வருவோம். கோழிக் குழம்புக்கு சோம்பு, பட்டை, கல்பாசி, அன்னாசிப்பூவோடு வறுத்து அரைத்தேன். இந்தக் கிராம்பு வழக்கமான அளவில் பாதி போதும், அதற்கு மேல் போனால் கல்பாசி வாசமே அமுங்கிவிடும். செட்டிநாட்டுக் குழம்பில் மூடியைத் திறந்ததும் முதலில் வர வேண்டியது கல்பாசியும் சோம்பும்தான், கிராம்பு பின்னால் தொண்டையில் இதமான காரமாக நிற்க வேண்டும். ஓட்டல்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை, கிராம்பையும் பட்டையையும் அள்ளிப் போட்டுவிட்டு அதற்குச் செட்டிநாடு என்று பெயர் வைப்பதைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. வறுக்கும்போது கிராம்பைக் கடைசியில் போட்டு, சூடு ஏறி லேசாக உப்பியதும் இறக்கிவிடுங்கள், கருகினால் குழம்பு கசக்கும். மட்டன் சுக்காவுக்கு அருமை. தேங்காய் அரைத்து ஊற்றுகிற வெள்ளைக் குருமாவுக்கு மட்டும் இது கொஞ்சம் தூக்கல், தாளிக்க ஒன்று போட்டால் போதும்.

இன்னொன்று, மராட்டி மொக்கைப் பெரிய கிராம்பு என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், அது இலவ மரத்து மொக்கு, அதன் வேலையே வேறு.

பல் வலிக்கும் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாயிற்று, சீக்கிரமே மரத்துப் போனது. அதற்குக் காரணம் யூஜெனால் என்கிற எண்ணெய்ப் பொருள், பல் டாக்டர்கள் தற்காலிகமாகக் குழி அடைக்கிற கலவையிலும் இதுதான் துத்தநாக ஆக்சைடோடு சேர்கிறது. ஆனால் ஒரே இடத்தில் ரொம்ப நேரம் வைத்தால் ஈறு புண்ணாகும், அது வைத்தியமும் ஆகாது, டாக்டரிடம் போய்த்தான் ஆக வேண்டும்.

குறை என்று சொன்னால், சில்லறையில் வாங்கும்போது இது குமரி மாவட்டத்துச் சரக்குதான் என்பதற்குக் கடைக்காரர் வாய்ச்சொல்லைத் தவிர ஆதாரம் இல்லை. தரம் நன்றாக இருந்ததால் எனக்கு நம்பிக்கை வந்தது, ஆனாலும் புவிசார் குறியீட்டு முத்திரையோடு சின்னப் பாக்கெட் போட்டு விற்றால் விவசாயிக்கும் நமக்கும் நல்லது. அடுத்த முறை கடையில் அதைக் கேட்கப்போகிறேன், நீங்களும் கேளுங்கள்.

சின்னக் குடும்பம் என்றால் 50 கிராம் போதும், ரொம்ப நாள் வரும். கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடி அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். பொடியாக விற்பதை மட்டும் வாங்காதீர்கள், அதில் காம்பு எவ்வளவு, மொட்டு எவ்வளவு என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.