நாற்பதாம் நாள் கரை திரும்புகிறவருக்கு எந்த அரட்டைச் செயலி?

கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகள் தங்கல் (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பது) போனால் சில வேளை ஒரு மாதத்தைத் தாண்டித்தான் திரும்புகின்றன. கரை மறைந்த சிறிது நேரத்தில் செல்பேசிச் சிக்னல் அற்றுவிடும், பிறகு வயர்லெஸ்தான். அத்தனை நாளும் குடும்பக் குழுவில் செய்திகள் குவிந்துகொண்டே இருக்கும்: பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், வங்கித் தவணை, ஊர்த் திருவிழா வரி. மையமில்லா அரட்டைத் தளங்களை இந்த வீட்டு வாசலில் நிறுத்தித்தான் நான் எடைபோடுகிறேன்.

வாட்ஸ்அப் இருக்கையில் எதற்கு இந்த வம்பு என்பார்கள். போய்ச் சேராத செய்தியை வாட்ஸ்அப் சேவையகம் (சர்வர்) 30 நாள்தான் வைத்திருக்கும், அதன் பிறகு அழித்துவிடும். மாற்று தேடுவதற்கு இந்த ஒரு விதியே போதும். அந்த 30 நாளை 60 ஆக்கும் உரிமை நம் கையில் இல்லை என்பதுதான் என் குறை. (புயல் எச்சரிக்கைக்கு இந்தச் செயலிகள் எதுவும் உதவாது. 2017இல் ஒக்கிப் புயலுக்குப் பிறகு பேசப்பட்ட செயற்கைக்கோள் கருவிகள் வேறு சங்கதி.)

களத்தில் மூன்று பேர்: மேட்ரிக்ஸ், எக்ஸ்எம்பிபி, டெல்டா சாட். எதுவும் ஒரே நிறுவனத்தின் பிடியில் இல்லை. யார் வேண்டுமானாலும் சேவையகம் நடத்தலாம். சேவையகங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும்.

பொறியியல் அழகில் மேட்ரிக்ஸை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. 2014இல் தொடங்கிய நெறிமுறை, அதாவது செயலிகளும் சேவையகங்களும் பேசிக்கொள்ளும் விதித்தொகுப்பு. ஓர் அறையின் (குழுவின்) வரலாறு அதில் பங்கேற்கும் ஒவ்வொரு சேவையகத்திலும் பிரதியாக இருக்கும். இரண்டு சேவையகங்களுக்கு இடையே தொடர்பு அறுந்தால் இரண்டும் தனித்தனியே ஓடி, தொடர்பு வந்ததும் கிளைகளை இணைத்துக்கொள்ளும். அதில் பரவலாகப் பயன்படும் சினாப்ஸ் சேவையகம், நிர்வாகி சொன்னாலொழியப் பழைய செய்தியை அழிப்பதில்லை. நாற்பதாம் நாள் வந்தாலும் முதல் நாள் செய்தி காத்திருக்கும். நம் வீட்டுக்கு இதுதான் என்று தோன்றும்.

நுழைவாயிலில்தான் தொல்லை. மேட்ரிக்ஸுக்கான எலிமெண்ட் செயலியை என் மைனியின் செல்பேசியில் போட்டு, பழைய கைப்பேசியையும் அதே கணக்கில் இணைத்தேன். இரண்டு திரையிலும் ஏழு படங்கள் வந்து நின்றன. மீன், நங்கூரம், குடை என்று வரிசையாக. இரண்டும் ஒன்றுதானா என்று செயலி கேட்டது. "இதைப் பார்த்து நான் என்ன சொல்ல வேண்டும்? மீன் விலையா கேட்கிறது?" என்றார். நடுவில் எவரும் புகுந்து ஏமாற்றவில்லை என்பதற்கான சோதனை அது, கணிதம் கச்சிதமானது. ஆனால் ஏன் செய்கிறோம் என்று அந்தத் திரை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அடுத்து, நாலு நாலு எழுத்தாகப் பிரித்த நீண்ட மீட்புச் சாவி. அதை எழுதி வைக்காதவரின் செல்பேசி கடலில் விழுந்தால், சேவையகத்தில் செய்தி பூட்டுப்போட்டபடி பத்திரமாக இருக்கும், திறந்து படிக்கத்தான் முடியாது. நம் ஆட்கள் செல்பேசியைத் தண்ணீரில் விடுவது அபூர்வமான நிகழ்ச்சியா என்ன?

எக்ஸ்எம்பிபி கிழவர். 1999இல் ஜாபர் என்ற பெயரில் வந்தவர். வாட்ஸ்அப்பே ஆரம்பத்தில் அவருடைய உடைகளைத் திருத்தி உடுத்திக்கொண்டதுதான். அடித்தளம் சிறியது, மற்றதெல்லாம் நீட்சிகள், அதாவது மேலே ஒட்டிய கூடுதல் வசதிகள். ஒரு செயலி ஒரு நீட்சியை அறியும், மற்றொன்று அறியாது. நான் அனுப்பும் குரல் அழைப்பு உங்களிடம் ஒலிக்குமா என்பது செயலியைப் பொறுத்தது. குழு ஒரே சேவையகத்தில் வாழ்வதால் அது விழுந்தால் குழுவும் விழும். இந்தச் சிக்கலை எக்ஸ்எம்பிபி மீது கட்டிய ஸ்னிக்கெட் நன்றாகக் கத்தரித்திருக்கிறது: சேவையகமும் செயலியும் ஒரே பொட்டலம். சேரச் சொல்லி வரும் இணைப்பை (லிங்க்) தொட்டால் பெயர், கடவுச்சொல் அவ்வளவே. அழைத்த குடும்பத்தார் தொடர்புப் பட்டியலில் ஏற்கெனவே இருப்பார்கள். மைனி எவர் உதவியும் இல்லாமல் உள்ளே வந்துவிட்டார். ஆனால் அதன் இயல்பு அமைப்பில் செய்திகள் ஒரு வாரம்தான் சேமிப்பில் இருக்கும். படகுக்காரருக்கு வாட்ஸ்அப்பைவிட மோசம்!

டெல்டா சாட் நுழைவில் எல்லாரையும் வெல்கிறது. பெயரைத் தட்டினால் போதும். செல்பேசி எண் கேட்காது. அடியில் ஓடுவது மின்னஞ்சல். குழுவின் உறுப்பினர் பட்டியல்கூட அவரவர் செல்பேசியில்தான். ஆனால் அதற்கென அமைத்த சேவையகங்கள் சில வாரங்களில் செய்தியை அழித்துவிடும்; பொதுச் சேவையகத்தில் அந்த நாள் கணக்கை நாம் தொட முடியாது. செல்பேசி போனால், காப்புப் பிரதி எடுக்காதவருக்கு எல்லாம் போயிற்று.

புளூடூத்தில் பேசும் பிரையர் செயலியைப் பற்றியும் கேட்பார்கள். படகுக்கும் படகுக்கும் இடையே உள்ள தூரத்துக்கு புளூடூத் எட்டாது. 2023 மே மாதம் மத்திய அரசு, பயங்கரவாதிகள் பயன்படுத்துவதாகச் சொல்லி, 14 செயலிகளை முடக்கியது. பிரையரும் எலிமெண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. மேட்ரிக்ஸுக்கு ஃப்ளஃபிசாட் போன்ற வேறு செயலிகள் இருப்பதால் ஒரு செயலி போனதோடு பிணையம் போய்விடவில்லை. மையமில்லா வடிவமைப்பின் பயன் இங்கே பளிச்சென்று தெரிகிறது.

பொத்தான் எங்கே, நிறம் என்ன என்பதையே பயன்பாட்டு எளிமை என்று பேசுகிறார்கள். நாற்பதாம் நாள் திரும்புகிறவருக்கு எளிமை என்பது எவரும் பார்க்காத அமைப்புக் கோப்பில் உள்ள ஓர் எண். அந்த எண்ணை நாமே வைத்துக்கொள்ள முடியும் என்பதால், குடும்பக் குழுவுக்கு என் வாக்கு சொந்தமாக நடத்தும் ஸ்னிக்கெட்டுக்கு. சேமிப்பு நாட்களை 60 ஆக்க ஒரே ஒரு வரி மாற்றினால் போதும். பல ஊர்ப் படகு உரிமையாளர்கள் சேரும் பெரிய குழுவென்றால், ஒவ்வோர் ஊருக்கும் கணினி தெரிந்த ஓர் இளைஞர் இருந்தால், மேட்ரிக்ஸ். வெளிநாட்டில் இருக்கிற, தினமும் இணையத்தில் இருக்கிற உறவினருக்கு மட்டும் டெல்டா சாட் தாராளம்.

ஸ்னிக்கெட் என்று முடிவெடுத்தால், சேவையக வாடகை யார் கட்டுவது என்பதை முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். நிர்வாகக் கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருக்கட்டும். இரண்டு பேரும் ஒரே படகில் போகிறவர்களாக இருக்க வேண்டாம்.