கால் அங்குல ஈயப் பட்டை: மட்டையின் எடையைக் கைப்பதத்தால் திருத்திய மூன்று வாரங்கள்

டென்னிஸ் மட்டையில் ஒட்டும் ஈயப் பட்டையை நான் எதற்காக வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது 300 கிராம் வகுப்பைச் சேர்ந்த மட்டை. தலை 100 சதுர அங்குலம். பபோலா பியூர் டிரைவ், யோனெக்ஸ் ஈசோன் 100 முதலியவையும் இதே வகுப்புதான். மட்டையில் அச்சிட்டிருக்கும் எடை ஸ்ட்ரிங் இல்லாத வெற்று மட்டைக்கு உரியது. ஸ்ட்ரிங் கட்டி, பிடியின் மேல் ஓவர்கிரிப் என்ற மெல்லிய உறையைச் சுற்றியபின் என் தராசு 320 கிராம் காட்டியது. பின்கோட்டிலிருந்து ஆடும்போது அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வலையருகே நின்று, பந்து தரையில் படுமுன் அடிக்கும் வாலி ஆடும்போதுதான், பந்து நடுவிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் பட்டால் மட்டை உள்ளங்கைக்குள் திரும்பிக்கொண்டது. வேறு மட்டை வாங்கும் எண்ணத்தைத் தள்ளிவைத்து, கால் அங்குல அகலமுள்ள ஒரு சுருளை இணையத்தில் வாங்கினேன்.

பொருள் மிக எளியது: சாம்பல் நிறத்தில் மெல்லிய ஈயத் தகடு, பின்புறம் பசை, பசைக்கு மேல் உரித்தெடுக்கும் காகிதம். 10 செ.மீ. நறுக்கினால் ஏறக்குறைய 1 கிராம். ஐந்து துண்டுகளை நகைத் தராசில் வைத்துப் பார்த்தேன். சொல்லும்படியான வேறுபாடு இல்லை. சாதாரணக் கத்தரிக்கோலுக்கே வெட்டுப்படுகிறது, சட்டத்தின் வளைவுக்கு இணங்கிப் படிகிறது. அரை அங்குலப் பட்டை அதே நீளத்தில் இரட்டிப்பு எடை தரும் என்றாலும், உள்வளைவில் சுருக்கம் விழுகிறது. கால் அங்குலமே மேல். நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பை நினைத்துக்கொண்டு இதை அலட்சியமாகக் கையாள வேண்டாம். அது வெள்ளீயம்; இது காரீயம், நஞ்சு. ஒட்டி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், குழந்தைகளின் கைக்கு எட்டாமல் சுருளை வைக்க வேண்டும்.

எவ்வளவு ஒட்டுகிறோம் என்பதைவிட எங்கே ஒட்டுகிறோம் என்பதுதான் பெரிது. மட்டையின் தலையைக் கடிகார முகமாகப் பாவித்து, நுனியை 12 மணி என்றும் இரு பக்கங்களை 3 மணி, 9 மணி என்றும் சொல்வது வழக்கம். வீசும்போது உணரும் கனத்தை ஸ்விங்வெயிட் என்ற அளவால் குறிப்பார்கள். பிடியின் அடியிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஓர் அச்சை வைத்துக் கணக்கிடுவதால், அந்த அச்சிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அது கூடுகிறது. ஆகவே 12 மணியில் ஒட்டும் 1 கிராம் ஸ்விங்வெயிட்டை மூன்று அலகுக்கும் சற்று மேலாக உயர்த்தும்; 3, 9 மணிப் பக்கங்களில் அதே 1 கிராம் இரண்டு அலகுக்குச் சற்றுக் குறைவாகவே உயர்த்தும்; பிடியின் மேல்விளிம்பிலோ, இருப்பதே தெரியாது.

இதையெல்லாம் படித்த பிறகும் முதல் வாரம் நான் செய்தது தவறுதான். 12 மணியில் 3 கிராம் ஒட்டினேன். வீட்டுக் கூடத்தில் வெறுங்காற்றில் வீசிப் பார்த்தபோது அருமையாக இருந்தது. முதல் கேமில் சர்வீஸும் கனமாகவே விழுந்தது. இரண்டாவது செட்டில் ஃபோர்ஹேண்ட் எல்லாம் சற்றே பிந்திக் கோட்டுக்கு வெளியே போகத் தொடங்கின, தோளும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வெறும் வீச்சில் கை சொல்வதை நம்பக் கூடாது. ஆட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டியபின் அது சொல்வதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். இன்னொன்று: மட்டை திரும்பும் குறை இதனால் துளியும் தீரவில்லை. நுனியில் வைத்த எடை மட்டையின் நீள அச்சின்மேலேயே இருப்பதால், முறுக்கத்தை எதிர்க்க அது உதவாது.

இரண்டாம் வாரம் அதை உரித்துவிட்டு, 10 செ.மீ. துண்டுகள் நான்கை 3, 9 மணிகளில் பக்கத்துக்கு இரண்டாக, ஸ்ட்ரிங் துளை வரிசையின் இருபுறமும் உள்பக்கமாக ஒட்டினேன். மொத்தம் 4 கிராம். மனம் விரும்பியதைக் கை உணர்ந்ததாக நினைத்துக்கொள்ளும் என்பதால், சின்னச் சோதனை ஒன்றும் வைத்தேன். சில நாள் ஈயத்தையும் சில நாள் வெறும் காகிதத் துண்டையும் வைத்து, இரண்டையும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் மூடித் தரும்படி மகளிடம் ஒப்படைத்தேன். ஐந்து நாளில் நான்கு நாள் சரியாகச் சொன்னேன். "தப்பாச் சொன்ன அன்னைக்கு நீங்க ஜெயிச்சிருந்தீங்கப்பா" என்றாள்.

வாலியில் மட்டை திரும்புவது பெருமளவு நின்றது. ஆனால் தலை சற்றே முன்னுக்கு இழுத்தது. ஸ்கேலின் விளிம்பில் மட்டையைக் கிடத்திப் பார்த்ததில், சமநிலைப் புள்ளி இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்குத் தலைப்பக்கம் நகர்ந்திருந்தது. கிரிப்பைப் பிரித்து, பிடியின் மேல்பகுதியில் 5 கிராமைச் சுற்றி, மறுபடி கிரிப்பை இறுக்கியதும் புள்ளி ஏறத்தாழப் பழைய இடத்துக்கு வந்தது. மொத்த எடை 329 கிராம். தராசு இப்படி அதிகம் காட்டினாலும், முதல் வாரத்தின் 323 கிராம் மட்டையைவிட இது லேசாகச் சுழல்கிறது. தராசும் ஸ்கேலும் கை முடிவு செய்ததைக் குறித்து வைத்துக்கொள்ளவே எனக்குப் பயன்பட்டன. முடிவை அவை சொல்லவில்லை.

விதிப்படி இது சரியா என்று கிளப்பில் ஒருவர் கேட்டார். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிகள் மட்டையின் நீள அகலங்களுக்கு வரம்பு வைத்திருக்கின்றனவே தவிர எடைக்கு வைக்கவில்லை. அமெரிக்க வீரர் பீட் சாம்ப்ராஸ் தம் 85 சதுர அங்குல மட்டையில் ஈயம் ஏற்றித்தான் ஆடினார்.

பட்டையின் உண்மையான குறை பசையில் இருக்கிறது. சித்திரை வெயிலில் காருக்குள் கிடந்த மட்டையில், இரண்டு துண்டுகளின் ஓரம் கிளம்பி நின்றது. ஒட்டுமுன் சட்டத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டியபின் மேலே டேப் போட்டபிறகு அது தொடரவில்லை. ஈயம் வேண்டாம் என்பவர்களுக்கு டங்ஸ்டன் பட்டை கிடைக்கிறது. நஞ்சு பற்றிய கவலை குறைவு, விலை மிக அதிகம். சோதித்துச் சோதித்து உரித்தெறியும் காலத்துக்கு ஈயமே போதும் என்பது என் கருத்து. சுருளில் பாதிக்கு மேல் மீதமிருக்கிறது. அதே மாடலில் என்னிடமுள்ள இரண்டாவது மட்டை தராசில் 3 கிராம் கூடுதலாகவும், பிடிப்பக்கம் சற்றுக் கனமாகவும் இருப்பதால், அதற்குப் பிடியில் 5 கிராம் தேவைப்படாது. பக்கங்களை மட்டும் ஒட்டி, வரும் ஞாயிறு ஆடிப் பார்க்க வேண்டும்.