ஆத்தோரமா, காட்டு ரோடா, பழைய ரயில் பாதையா? கிராவல் பைக்குக்கு எந்த ரூட்

கிராவல் பைக்கை (மண் ரோடு, ஜல்லி ரோட்டுக்குன்னு அகலமான டயர் போட்ட சைக்கிள்) எடுத்துட்டு மலைக்காட்டுப் பக்கம் போறவங்களுக்கு மேப்ல பெரும்பாலும் மூணு விதமான வழி தெரியும். ஆத்தை ஒட்டி ஊர் ஊரா போற மண் ரோடு ஒண்ணு, மரம் ஏத்திட்டு வர்ற லாரிக்காக காட்டுக்குள்ள போட்ட ஜல்லி ரோடு ஒண்ணு, ரயில் நின்னு போனதும் தண்டவாளத்தை எடுத்துட்டு சைக்கிளுக்கு விட்ட பாதை ஒண்ணு. எது நல்லதுன்னு கேட்டா எல்லாரும் முதல்ல பாக்கறது மொத்த ஏத்தம் எத்தனை மீட்டர்னுதான், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பாத்தேன். இப்போ நான் முதல்ல கேக்கறது, இந்த ரோட்டை யார் எதுக்குப் போட்டாங்கன்னு. அது தெரிஞ்சா ஏத்தம் எப்படி இருக்கும், கல்லு எப்படி இருக்கும், மழை பெஞ்சா என்னாகும்னு பாதி சொல்லிடலாம்.

ரயில் பாதையை சீக்கிரம் சொல்லி முடிச்சிடறேன். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்துல வழுக்கும், ரயிலால செங்குத்தா ஏற முடியாது, அதனால மேட்டை வெட்டி, பள்ளத்துல மண்ணைக் கொட்டி, முடியாத இடத்துல மலையைக் குடைஞ்சு, ஏத்தத்தை பெரும்பாலும் 2 சதவீதத்துக்குள்ள, அதாவது 100 மீட்டர் போனா 2 மீட்டர் ஏர்ற அளவுக்குள்ள வச்சிருப்பாங்க. அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல இருந்து கம்பர்லேண்ட் போற கிரேட் அலெகேனி பாசேஜ் இதுக்கு நல்ல உதாரணம், சுமார் 240 கிமீ, முக்கால்வாசி ஆத்துப் பள்ளத்தாக்குலயே போய் 729 மீட்டர் உயரத்துல மலையைத் தாண்டுது, தரை பெரும்பாலும் பொடிச்ச சுண்ணாம்புக்கல், அதிகபட்ச சரிவே 1.75 சதவீதம்தான். இந்த மாதிரி பாதையை ப்ளானிங் ஆப்ல போட்டா சில நேரம் நெட்டுக்குத்தா ஒரு ஏத்தம் காட்டும், பயப்படாதீங்க. ஆப் தரையோட உயரத்தை வச்சு கணக்குப் போடுது, பாலத்துக்குக் கீழ இருக்கற பள்ளத்தையும் டனலுக்கு மேல இருக்கற மலையையும் சேத்து எண்ணிடுது. குழந்தைங்களோட போறீங்க, இல்ல பை எல்லாம் கட்டிட்டு ரெண்டு மூணு நாள் போறீங்கன்னா கண்ணை மூடிட்டு இதை எடுங்க. எனக்கு இதுல இருக்கற ஒரே கஷ்டம், எறக்கமே இல்லாததால காலை நிறுத்தவே முடியாது, மூணு மணி நேரம் ஒரே மாதிரி உக்காந்து மிதிச்சா இடுப்பும் கையும் மரத்துப் போகுது.

ஆத்தோர ரோட்டுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. ஆறு மெதுவா கீழ போகுது, அதை ஒட்டிப் போனா சமமாத்தானே இருக்கும்னு தோணும், அகலமான பள்ளத்தாக்குன்னா அது சரிதான். ஆனா குறுகின பள்ளத்தாக்குல வெள்ளத்துக்குப் பயந்து ரோட்டை கொஞ்சம் மேல, சரிவுலதான் போட்டிருப்பாங்க, அங்க பக்கத்து மலையில இருந்து எறங்கற ஒவ்வொரு ஓடையும் அந்தச் சரிவை அறுத்துட்டுத்தான் ஆத்துல சேரும். ரோடு ஒவ்வொரு ஓடைக்கும் எறங்கி, தாண்டி, மறுபடி ஏறணும். ஒரு ஓடைக்கு 40 மீட்டர்னு வச்சாலும் பன்னெண்டு ஓடைக்கு 480 மீட்டர், அதுவும் சீரான ஏத்தம் இல்ல, ஓடைகிட்ட ஈர மண்ணுலயும் உருண்டைக் கல்லுலயும் வேகம் எல்லாம் போய் நின்ன இடத்துல இருந்து திடீர்னு 12, 14 சதவீதம். இன்னொண்ணு, ஆறு வளையற இடத்துல வெளிக்கரையை அரிச்சுத் தள்ளும், உள்கரையில மணலைக் கொட்டும், அதனால வெளிவளைவுல ரோடு மேல ஏறிடும், உள்வளைவுல சமமா இருக்கும் ஆனா சக்கரம் மணல்ல புதையும். மேப்ல இதையெல்லாம் முன்னாடியே பாத்துக்கலாம், ஆத்துல வந்து சேர்ற நீலக் கோடு எத்தனைன்னு எண்ணுங்க, அத்தனை ஏத்தம். இவ்வளவு சொன்னாலும் எனக்கு ரொம்பப் பிடிச்ச ரோடு இதுதான், தண்ணிச் சத்தம் கூடவே வரும், வழியில ஆளுங்க இருப்பாங்க, ஏதாவது உடைஞ்சா உதவி கிடைக்கும்.

காட்டு ரோடு முழுசா வேற மாதிரி. முப்பது நாப்பது டன் லாரிக்காகப் போட்டது, அதனால வளைவு பெருசு, ஏத்தம் நீளமா ஆனா சீரா இருக்கும், நடுவுல உயர்த்தி ரெண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டியிருந்தா மழை நின்ன கொஞ்ச நேரத்துல தண்ணி வடிஞ்சிடும், அதே மழையில ஆத்தோர மண் ரோடு களியாகி டயர்ல அப்பிக்கும். ஆனா லாரி டயருக்குப் போட்ட கல்லு சைக்கிளுக்கு ரொம்பப் பெருசு, புதுசா ஜல்லி கொட்டின ரோட்டுல 38 மிமீ டயரோட எறங்கறது எனக்கு ஒத்து வரல, 45 இல்ல 50 மிமீ ட்யூப்லெஸ் போட்டு காத்தைக் குறைச்சு ஓட்டறேன். எறக்கத்துல வளைவுக்கு முன்னாடி தரை வரிவரியா மேடு விழுந்து கிடக்கும், அங்க போய் பிரேக் பிடிச்சா டயர் தரையிலயே நிக்காது, அதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடுங்க.

கியரையும் பாருங்க. ஆளும் பைக்கும் சேந்து 85 கிலோன்னா 10 சதவீத ஏத்தத்துல மணிக்கு 7.5 கிமீ வேகத்துல போக ஈர்ப்பை எதிர்க்க மட்டுமே 170 வாட்டுக்கு மேல வேணும், முன்னாடி பெடல்கிட்ட இருக்கற பல்சக்கரத்துல 40 பல், பின்னாடி பெரிய பல்சக்கரத்துல 42 பல் இருந்தா அந்த வேகத்துல நிமிஷத்துக்கு 60 சுத்துதான் மிதிக்க முடியும். அரை மணி நேரம் அப்படியே ஏறினா முட்டி கேள்வி கேக்கும். முன்னாடி 30 பல் போட்டா அதே 60 சுத்துக்கு மணிக்கு 5.7 கிமீ, மூச்சு விட்டுப் போகலாம்.

காட்டு ரோட்டோட பெரிய ஆபத்து கல்லு இல்ல, அது முடிஞ்சு போறதுதான். அந்த ரோடு ஊருக்குப் போறதுக்காகப் போட்டது கிடையாது, மரம் இருக்கற இடம் வரைக்கும்தான் போகும். மேப்ல ரெண்டு ரோட்டு முனைக்கும் நடுவுல 300 மீட்டர்தான்னு நம்பி ஒரு தடவை ஒரு மலை முழுக்க ஏறினேன், அந்த 300 மீட்டர் முள்ளும் விழுந்த மரமுமா இருந்தது, வந்த வழியே 25 கிமீ திரும்பினேன், சாட்டிலைட் படத்துல ரோடு கண்ணுக்குத் தெரியாத இடத்தை அதுக்கப்புறம் நம்பறதே இல்ல. மேட்டுல ஓடையும் இருக்காது, தண்ணி முழுசா சுமக்கணும்.

ரயில் பாதை இல்லாத இடத்துல ஆறு, காடு ரெண்டையும் சேத்து ஒரு வட்டமா போடறதுதான் என் தேர்வு, அதுல எந்தப் பக்கமா சுத்தறோம்ங்கறது முக்கியம். முதல்ல காட்டுல ஏறி சாயங்காலம் ஆத்தோரமா வர்றதுதான் சுலபம்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. வெயில் நாள்ல சரிவு சூடாகி காத்து பள்ளத்தாக்குல கீழ இருந்து மேல வீசும், சாயங்காலம் வரைக்கும் அது நிக்காது, அப்போ கீழ வந்தா எதிர்காத்து, அதோட அந்தப் பன்னெண்டு ஓடை ஏத்தமும் சோர்ந்த கால்ல. காலையில ராத்திரிக் குளிர்காத்து பள்ளத்துல தேங்கி மூடுபனியா இருக்கும், அது கலைஞ்சதும் ஆத்தோரமா மேல் பக்கம் போக ஆரம்பிங்க, காத்து முதுகுல தள்ளும், ஓடை ஏத்தம் எல்லாம் புதுக் கால்ல முடிஞ்சிடும். கடைசி ஊர்ல பாட்டில் எல்லாத்தையும் நிரப்பிட்டு காட்டு ஏத்தத்தை எடுங்க, சீரான ஏத்தத்தை சோர்ந்த கால்லயும் மெதுவா ஏறிடலாம். மேல போனா 1000 மீட்டருக்கு சுமார் 6.5 டிகிரி குறையும், வேர்த்த உடம்போட எறங்கும்போது நடுக்கம் எடுக்கும், காத்து புகாத ஜாக்கெட் ஒண்ணை பையில மேலாகவே வைங்க.