ஐந்து மணிக்கு மேல் வாருங்கள்

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு மெல்போர்னிலிருந்து ஊருக்கு வந்த மூன்றாம் நாள், கோவில்பட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கடலை மிட்டாயைக் கடித்தபோது, கீழ்ப்பல் வரிசைக்குள் 'டக்' என்று ஏதோ விட்டது. எங்கள் ஊர் மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தபோது முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பிப் பெருமைப்பட்டவன் நான். அந்த மிட்டாய்தான் என் ரிடெய்னரைக் கழற்றியது.

நாற்பது வயதுக்கு மேல் பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொண்டவன் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. கிளிப்பைக் கழற்றியதும் பற்கள் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும் என்பதால், ஒரு கோரைப்பல்லிலிருந்து மறு கோரைப்பல் வரை, ஆறு பற்களின் உட்புறத்தில், முறுக்கிய மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றை வைத்து ஒட்டிவிடுவார்கள். என் ரிடெய்னர் அந்தக் கம்பிதான். ஏதாவது ஒரு பல்லில் ஒட்டு விட்டுப்போனால் அந்தப் பல் மட்டும் தன் போக்கில் நகரத் தொடங்கும். மற்ற ஐந்தில் கம்பி பிடித்துக்கொண்டிருப்பதால் பலருக்கு அது தெரிவதே இல்லை. எனக்கு விட்டதோ ஓரத்துப் பல்லில் என்பதால், கம்பியின் முனை நிமிர்ந்து நின்று, 'ல' சொல்லும்போதெல்லாம் நாக்கைக் குத்தியது.

மெல்போர்ன் மருத்துவமனைக்குப் படம் எடுத்து அனுப்பினேன். இழுக்காதீர்கள், முனையில் மெழுகு வையுங்கள், நீங்கள் திரும்பி வந்து பதினோராம் நாள் காலை 9.40க்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோம், கட்டணம் 190 டாலர் என்று நிமிடக் கணக்கோடு பதில் வந்தது. அவர்கள் சொன்ன மெழுகுக்கு அம்மா கார்த்திகை தீபத்துக்கு வாங்கிய மெழுகுவத்தியில் ஒரு துண்டைக் கிள்ளிக் கொடுத்தாள். அண்ணன் ஃபெவிக்விக் போதும் என்றான். மதினி நகவெட்டியோடு வந்து நின்றாள். இந்த மூன்றில் மெழுகுவத்தியோடு தப்பித்தேன்.

மறுநாள் காலை எங்கள் ஊரிலேயே புதிதாக வந்திருக்கும், கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் கொண்ட ஒரு பல் மருத்துவமனைக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே, எங்கே போட்டது என்று கேட்டார். வெளியில் போட்டதைத் தாங்கள் தொடுவதில்லை என்றும், கம்பி முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாகக் கண்ணுக்குத் தெரியாத கிளிப் போட்டுக்கொள்ளலாம் என்றும், மாதத் தவணை வசதி உண்டு என்றும் சொன்னார். இரண்டு ஆண்டுகள் கஷ்டப்பட்டு நேராக்கிய பற்களை மறுபடி நேராக்க ஒருவர் தவணை பேசுவதைக் கேட்டபோது வந்த ஆத்திரத்தில், கம்பி இன்னொரு முறை நாக்கைக் குத்தியது. மெல்போர்னிலும் இப்படித் தலையில் கட்டப் பார்ப்பார்கள்தான், ஆனால் அங்கே மின்னஞ்சலில் வரும், சத்தமில்லாமல் அழித்துவிடலாம்.

பள்ளித் தோழன் ஒருவன் பாளையங்கோட்டையில் ஓர் இடத்தைச் சொன்னான். பல் சீரமைப்பு நிபுணர் அங்கே வியாழனும் சனியும் மாலையில் மட்டுமே வருவார். தொலைபேசியில் எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டேன். "அஞ்சு மணிக்கு மேல வாங்க சார்" என்றார் வரவேற்பறைப் பெண். மேல என்றால் எவ்வளவு மேல என்று கேட்டதற்கு, சிரித்துவிட்டு, "டாக்டர் வந்துருவாங்க சார்" என்றார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதற்கு மேல் கேட்கக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆனால் 9.40 என்று சொல்லிக் கேட்டுப் பழகிய காது, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் நின்றுகொண்டே என்னைச் சரியாக ஐந்து மணிக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

டோக்கன் எண் 14. டாக்டர் கிளம்பிவிட்டார் என்று ஐந்தரைக்குச் சொன்னார்கள், ஆறேகாலுக்கும் சொன்னார்கள், ஏழு மணிக்கும், அதே புன்னகையோடு, இப்போதுதான் கிளம்பினார் என்பதுபோலச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் ஆகும் என்று ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால், பக்கத்தில் ஒரு காபியாவது குடித்திருப்பேன். அந்த இரண்டரை மணி நேரத்தில் நான் பார்த்ததெல்லாம், சீருடையும் புத்தகப்பையுமாக உட்கார்ந்து, கிளிப்புக்கு இந்த மாதம் என்ன நிறத்தில் ரப்பர் போடலாம் என்று பேசிக்கொண்டிருந்த பிள்ளைகளைத்தான். எத்துப்பல் இருந்தால் தேங்காய்த்துருவி என்று பெயர் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்த தலைமுறை நாங்கள். பல் டாக்டர் என்றால் எங்களுக்குப் பல்லைப் பிடுங்குகிறவர். எனக்கு வைத்த பெயரும் தேங்காய்த்துருவிதான்.

ஏழரைக்கு டாக்டர் அம்மையார் வந்தார். என் முறை வந்தபோது எட்டரை. போட்டது எங்கே என்று கேட்கவில்லை. சிறிய கண்ணாடியை உள்ளே விட்டு, ஒவ்வொரு பல்லாகக் கம்பியை மெதுவாக அசைத்துப் பார்த்து, நான் அறியாத இன்னொரு பல்லிலும் ஒட்டு விட்டிருப்பதைக் காட்டினார். கம்பி வளைந்திருந்தால் ஒட்ட மாட்டேன், வளைந்த கம்பியை அழுத்தி ஒட்டினால் அதுவே பல்லைத் தள்ளிவிடும் என்றார். அது வளையவில்லை. பழைய பிசினைச் சுரண்டி எடுத்து, பஞ்சுருளை அடக்கி, நீலநிற அமிலக் களிம்பை அரை நிமிடம் தடவிக் கழுவி, பல் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுக்கும்வரை காற்றடித்து உலர்த்தினார். பிசின் வைக்கப்போகும் நேரத்தில் மின்சாரம் போனது. உதவியாளர் ஒரு வார்த்தை பேசாமல் கைபேசி விளக்கை வாய்க்கு நேராகப் பிடித்தார். பிசினை இறுக்கும் நீல ஒளிக்கருவி மின்கலத்தில் ஓடுவது என்பதால் வேலை நிற்கவில்லை. எல்லாம் இருபத்தைந்து நிமிடம். கட்டணம் 600 ரூபாய்.

வீடு வந்து சேரப் பதினொன்றாகிவிட்டது. நான் படும் பாட்டைப் பார்த்த அம்மா, இரவில் மேல்வரிசைக்கு மாட்டிக்கொள்ளும் என்னுடைய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ரிடெய்னரையாவது சுத்தமாக வைக்கலாம் என்று, கொதிக்கும் வெந்நீரை அதில் ஊற்றிக் கழுவி வைத்திருந்தாள். எண்ணெயில் போட்ட வடகம்போலச் சுருண்டு கிடந்தது. காலையில் பாளையங்கோட்டைக்குத் தொலைபேசியில் பேசினேன். அளவெடுத்துப் புதிதாகச் செய்து தருவார்களாம், சனிக்கிழமை ஐந்து மணிக்கு மேல் வரச் சொன்னார்கள்.